என்ஐசியூவில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தப்பா?

முப்பதுக்கு_முன் | இரவு 1.50

தூக்கம் வரல, அதான் எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

பையன் 29 வாரத்துல பிறந்தான். என்ஐசியூல, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டுல இருக்கான். எடை 1,140 கிராம். இன்னிக்கு ஒன்பதாம் நாள். மூக்குல சீபேப் (மூச்சு விட உதவியா காத்தைத் தள்ளுற குழாய்), கையில மருந்து ஏத்துற லைன், காலைச் சுத்தி சிவப்பு வெளிச்சத்தோட ரத்தத்துல ஆக்சிஜன் அளவைக் காட்டுற அந்த சாச்சுரேஷன் பட்டை. நாலாம் நாள் வயிறு உப்பலா இருக்குன்னு பாலை நிறுத்திட்டாங்க. நிறுத்தினாலும் நீங்க பீய்ச்சிட்டே இருங்க, இல்லேன்னா வத்திடும்னாங்க. ரெண்டு மணிக்கு, நாலு மணிக்குன்னு அலாரம் வச்சு எழுந்து, யார் குடிக்கப் போறாங்கன்னே தெரியாம பீய்ச்சி, சீட்டு ஒட்டிக் கொடுத்துட்டு வர்றது எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்னிக்கு சாயந்திரம் மறுபடி ஆரம்பிச்சாங்க. 1 மி.லி. சிஸ்டர் சிரிஞ்சுல தள்ளுற பகுதியை உருவி எடுத்துட்டு, வெறும் குழலை ட்யூப்ல மாட்டி, பாலை ஊத்தி, கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சாங்க. தள்ளக்கூடாதாம், தானா இறங்கணுமாம். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. நான் மூச்சை அடக்கிட்டு நிக்கிறேன். ஒரு குமிழி மேல வந்தது. அப்புறம் அந்த மஞ்சள் கோடு மெதுவா இறங்கி மறைஞ்சிருச்சு. இவன் நாக்கை நீட்டி ஒரு தரம் சப்புக்கொட்டினான் பாருங்க! பால் நாக்குல படவே இல்ல, ட்யூப் வழியா நேரா வயித்துக்குத்தான் போகுது. ஆனாலும் பெரிய விருந்து சாப்பிட்ட மாதிரி சப்புக்கொட்டினான். நானும் இவரும் வாய்விட்டுச் சிரிச்சுட்டோம்.

அடுத்த இன்குபேட்டர் பக்கத்துல ஒரு அம்மா, காலையில இருந்து அழுதுட்டு இருந்தவங்க, நிமிர்ந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் சாமி கும்பிடாம படுத்ததே கிடையாது நான். இந்த ஒன்பது நாளா ஒரு வார்த்தை வரல. கோபமா பயமா தெரியல. பால் இறங்கினப்ப மட்டும் உள்ளுக்குள்ள "அப்பாடா, நன்றி"ன்னு ஒண்ணு வந்தது. யாருக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியாது.

பிள்ளை இன்னும் ஆபத்தைத் தாண்டாதப்ப சந்தோஷப்படுறது தப்பா? வேண்டிக்கவே வராதவளுக்கு வந்த அந்த நன்றியை நம்பிக்கைன்னு எடுத்துக்கிறதா, களைப்புன்னு எடுத்துக்கிறதா?

இருவர்_அப்பா | இரவு 2.15

தப்பே இல்லம்மா. முதல்ல அந்த 1 மி.லி.க்கு வாழ்த்து. எங்க வீட்டுல 0.5-ல இருந்து 1 ஆனதுக்கே குடும்பம் முழுக்க போன் போட்டுச் சொன்னவன் நான்.

இரட்டைப் பிள்ளைங்க, 31 வாரம். ஒருத்தன் வீட்டுக்கு வந்து ஆறு நாளாச்சு, தங்கச்சி இன்னும் உள்ளே. வீட்டுல ஒருத்தனைத் தூக்கிக் கொஞ்சும்போது அங்க தனியாக் கிடக்கிறவ ஞாபகம் வரும். அங்க போய் நின்னா இவன் அழுவானேன்னு இருக்கும். பாதி சந்தோஷம்னு ஒண்ணு இருக்குங்கிறதே இப்பத்தான் தெரியுது.

தொழுகை எனக்கும் ஆரம்பத்துல ஓடல. மனசு மானிட்டர்லயே நின்னுடும். ஆனா வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் கை கழுவச் சொல்வாங்க இல்லையா, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சு? மூணாவது நாளோ நாலாவது நாளோ அப்படிக் கழுவிட்டு நிக்கும்போது, தொழுகைக்கு முன்னாடி நாம கை கால் கழுவி ஒளு செய்யற மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. அன்னியிலிருந்து அந்தக் குழாயடியிலதான் என் துஆ. கை காயறதுக்குள்ள முடிஞ்சிடும். "யா அல்லாஹ், இன்னிக்கு." அவ்வளவுதான். நாளைக்குன்னு கேக்க தைரியம் வரல.

அமைதிப்_புறா | காலை 6.05

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கினேன். உங்கள் மனதில் சந்தேகம் நுழைந்ததால்தான் ஜெபம் வரவில்லை. முழு விசுவாசத்தோடு கேட்டால் குழந்தைக்கு ஒரு குறையும் வராது. என் அக்கா மகளுக்கு 30 வாரத்தில் பிறந்த குழந்தை, நாங்கள் எல்லோரும் உபவாசம் இருந்து ஜெபித்தோம், இன்று பள்ளிக்குப் போகிறான். கலங்காதீர்கள், கேளுங்கள், கிடைக்கும்.

கேள்விக்குறி | காலை 6.40

அமைதிப்_புறா, நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க, அது தெரியுது. ஆனா இதைத் தலைகீழாப் படிச்சுப் பாருங்க. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவோட விசுவாசம் பத்தலைன்னு ஆகுது. பிரசவமாகி ஒன்பது நாள் ஆன ஒருத்திகிட்ட சொல்ற பேச்சா இது?

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் மகளும் 28 வாரத்துல பிறந்தவதான். பிறந்த ஒரு மணி நேரத்துல நெஞ்சுக்கூடு உள்ள குழிஞ்சு குழிஞ்சு மூச்சு விட்டா. டாக்டர் ஒரு சின்ன குப்பியை எடுத்து உள்ளங்கையில வச்சுச் சூடு பண்ணி, ட்யூப் வழியா நுரையீரலுக்குள்ள விட்டார். சர்ஃபாக்டன்ட். காத்துப் பைகள் ஒட்டிக்காம விரிய வைக்கிற பொருள், குறைமாசப் பிள்ளைகளுக்கு உடம்புல அது ஊறியிருக்காது. மூச்சுத் திணறலுக்குக் காரணம் அதோட பற்றாக்குறைதான்னு 1959-ல மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் எழுதினாங்க. காரணம் தெரிஞ்ச பிறகும் மருந்து வரல. 1963 ஆகஸ்ட்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னாடி பிறந்து, இதே நோயில 39 மணி நேரத்துல இறந்துட்டான். எடை 2 கிலோவுக்கு மேல! இன்னிக்கு அந்த எடைப் பிள்ளையைப் பார்த்தா நம்ம வார்டுல எல்லாரும் "பெரிய பையன்"னு சொல்வோம். அவங்களுக்கு டாக்டருக்குக் குறைவா, ஜெபத்துக்குக் குறைவா? 1980-ல ஜப்பான்ல புஜிவாரா குழு மாட்டு நுரையீரல்ல இருந்து எடுத்துப் பக்குவப்படுத்தினதைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, பலிக்குதுன்னு காட்டினாங்க.

அன்னிக்கு ராத்திரி மகளோட நெஞ்சு சீரா ஏறி இறங்கறதைப் பார்த்தப்ப எனக்கும் நன்றின்னுதான் வாயில வந்தது. பேர் தெரியாத ஒரு மாட்டுக்கும் சேர்த்து. ஆக, முப்பதுக்கு_முன், யாருக்குச் சொன்னோம்னு தெரியாத நன்றி கடவுளை நம்பாதவனுக்கும் வரும். அதை இப்பவே கூண்டுல ஏத்தி விசாரிக்காதீங்க.

அமைதிப்_புறா | காலை 7.10

அந்த மருந்தைக் கண்டுபிடிக்க அறிவைக் கொடுத்தது யார்?

கேள்விக்குறி | காலை 7.12

இந்த விவாதம் இந்த வாரம் வேண்டாமே. உங்களுக்கு வேற இழை திறந்து தர்றேன், வயசான பிறகும் பேசிக்கலாம்.

மட்டுறுத்துநர் | காலை 9.30

மேலே இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிட்டு எடை, கிரேடு, ஸ்கேன் முடிவு கேட்க வேண்டாம். தனிச்செய்தியிலும் வேண்டாம்.

பத்தொன்பது_நாள் | மதியம் 3.25

நான் இங்க எழுதி ரெண்டு வருஷம் ஆகுது. படிச்சுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன், காலையில இருந்து மனசு கேக்கல.

எங்க பொண்ணு 25 வாரம். பேர்லயே இருக்கு, பத்தொன்பது நாள் இருந்தா. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியும். முழு விசுவாசத்தோடதான் பண்ணினேன். அமைதிப்_புறா, உங்க மேல கோபம் இல்ல. ஆனா அந்த வாக்கியத்தை இனிமே யாருக்கும் எழுதாதீங்க. அதே வாக்கியத்தைச் சொன்ன ஒருத்தரோட நான் இன்னும் பேசல.

முப்பதுக்கு_முன், உங்க கேள்விக்கு வர்றேன். ஏழாம் நாள் அவ தும்மினா. விரல் நீளம் முகம், பூனைக்குட்டி தும்மற மாதிரி ஒரு தும்மல், தும்மிட்டு அவளே பயந்து ரெண்டு கையையும் விரிச்சா. நான் சிரிச்சேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கல, "இப்ப சிரிக்காத, எல்லாம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் சிரிக்கலாம்"னார். பாவம், பயம் அவருக்கு. கண்ணு பட்டுடும்னு நினைச்சார்.

இப்ப அவர் என்னைக் கேப்பார், "அந்தத் தும்மலை மறுபடி சொல்லேன்"னு. பக்கத்துலதான் நின்னார், ஆனா பார்க்கலையாம். மானிட்டரைப் பார்த்துட்டு இருந்தாராம். நான் சொல்லிக் காட்டுவேன், கையை விரிச்சு.

எனக்கு வேண்டிக்க வருதான்னு கேட்டா, வருது, திரும்ப வந்துச்சு, ஒன்றரை வருஷம் கழிச்சு. பழைய மாதிரி இல்ல. கேக்கறது குறைஞ்சு போச்சு, சும்மா உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு வரலைன்னா வற்புறுத்தாதீங்க. மத்தவங்க உங்களுக்காக வேண்டிப்பாங்க, அந்த வேலையை அவங்ககிட்ட விட்டுடுங்க. நான் இன்னிக்கு ராத்திரி பண்றேன்.

முப்பதுக்கு_முன் | மாலை 5.50

அக்கா (அக்கான்னு கூப்பிடலாமா?), படிச்சுட்டு வார்டு வாசல்ல உட்கார்ந்து அழுதேன். அவளோட தும்மலை எனக்கும் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இவர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். இன்னிக்கு மானிட்டருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டு உட்கார்ந்தார். சிஸ்டர் வந்து வழியில இருக்குன்னு திட்டிட்டுப் போனாங்க :)

பழைய_சிஸ்டர் | இரவு 8.40

நாற்காலியை வழியில போடாதீங்க, திட்டத்தான் செய்வோம். ஆனா மானிட்டருக்கு முதுகு காட்டினது ரொம்ப சரி.

பல வருஷம் என்ஐசியூல வேலை பார்த்தவ நான். அதனால சிரிப்பு விஷயத்தை நான் தீர்த்து வைக்கிறேன். எங்களுக்கு அம்மா அப்பா சிரிச்சா அன்னிக்கு டியூட்டி லேசாகும். குழந்தைக்குத் தொந்தரவு எதுன்னா, இன்குபேட்டர் கதவைப் படார்னு சாத்துறதும், மேல ஃபைலைத் தொப்புனு வைக்கிறதும், கண்ணாடியில விரலால தட்டிக் கூப்பிடுறதும். உள்ள இருக்கிறவங்களுக்கு அது இடி மாதிரி. உங்க குரல் அப்படி இல்ல. 29 வாரப் பிள்ளைக்குக் காது கேக்கும், வயித்துக்குள்ள இருந்தே உங்க குரலைக் கேட்டுட்டு இருந்தவன்தான். மெதுவா பேசுங்க, பாடத் தெரிஞ்சா ஆராரோ பாடுங்க, சுருதி சேரலைன்னா அவன் கேக்க மாட்டான்.

தொடும்போது தடவாதீங்க. இந்த வயசுல தோல் மெல்லிசு, தடவினா அதுங்களுக்கு எரிச்சல். ஒரு கை தலை மேல, ஒரு கை பாதத்தைச் சேர்த்து மடக்கி, அழுத்தாம அசைக்காம வச்சிருங்க. கூட்டுக்குள்ள இருக்கிற மாதிரி அடங்கிடுவான். எடுக்கும்போதும் ரெண்டு கையையும் ஒரேயடியா எடுக்காதீங்க, ஒண்ணொண்ணா.

அலாரம் அடிச்சா குழந்தையைத்தான் முதல்ல பாருங்க. நிறம் நல்லா இருக்கா, நெஞ்சு ஏறி இறங்குதா. பாதி நேரம் கால் ஆட்டினதுல பட்டை நழுவியிருக்கும். 20 நொடிக்கு மேல மூச்சை நிறுத்தினா அதுக்குப் பேர் ஆப்னியா, மூளையில மூச்சுக்கான இடம் இன்னும் பழுக்கலைங்கிறதுதான் காரணம். அதுக்குத்தான் கஃபீன் போகுது. ஆமா, காபியில இருக்கிற அதே சமாச்சாரம்தான்.

கங்காரு கேர், அதாவது குழந்தையை நெஞ்சுல தோலோட தோல் ஒட்ட வச்சுக்கிறது, கேட்டீங்களா? சீபேப்ல இருந்தாலே செய்யக்கூடாதுன்னு இல்ல, நிலையா இருந்தா செய்யலாம். ரவுண்ட்ஸ்ல நீங்களே கேளுங்க.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லாம போகமாட்டேன். சிரிப்பு வந்தா தப்பான்னு கேட்டீங்க, எனக்கு அது கவலையே இல்ல. வாரக்கணக்கா எதுவுமே தோணாம மரத்துப்போச்சு, படுக்க நேரம் கிடைச்சும் தூக்கம் வரல, நான் இல்லாம போனா நல்லதுன்னு நினைப்பு வருது, இப்படி இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். வேண்டிக்கிட்டுச் சமாளிக்கிற விஷயம் இல்ல அது. அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கேள்விக்குறி | இரவு 9.15

கங்காரு கேர் பத்தி சிஸ்டர் சொன்னதுக்கு ஒரு துணுக்கு. 1978-ல கொலம்பியாவோட பொகோட்டாவுல எட்கர் ரே சனாப்ரியாங்கிற டாக்டர் தொடங்கினது. இன்குபேட்டர் பத்தல, ஒண்ணுல ரெண்டு மூணு பிள்ளைங்க, தொத்து நோய் வேற. வேற வழி இல்லாம அம்மா நெஞ்சுல கட்டி விட்டாங்க. இல்லாத கொடுமைக்குச் செய்ததுதான். பிறகு உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகள்ல நடத்தின ஆய்வு 2021-ல வந்தது. 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள பிறந்த குழந்தைகளை, நிலையாகட்டும்னு காத்திருக்காம உடனே நெஞ்சோட சேர்த்தப்ப, முதல் 28 நாள்ல இறப்பு கால் பங்கு குறைஞ்சது. உங்க பையன் அந்த எடைக்குள்ளதான் வர்றான்.

வாசல்_தாத்தா | இரவு 10.02

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள். தாய் தகப்பன் தவிர மற்றவருக்கு அனுமதி இல்லை. நான் வாசலோடு சரி. மருமகன் போனில் காட்டும் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெரிதாக்கினால் கலங்கலாகிவிடுகிறது. தும்மல் பற்றி எழுதிய தாயே, உங்கள் மகளை நான் என் பிரார்த்தனையில் சேர்த்துக்கொண்டேன். போனவர்களுக்கும் வேண்டலாம்தானே.

பத்தொன்பது_நாள் | இரவு 10.20

வேண்டலாம் ஐயா.

முப்பதுக்கு_முன் | நாள் 16, இரவு 11.30

கேட்டேன். கொடுத்தாங்க!

தூக்கி வைக்கவே ரெண்டு சிஸ்டர். ஒருத்தர் குழந்தையை, ஒருத்தர் குழாய்களை. நெஞ்சுல வச்சப்ப முதல்ல கனமே தெரியல, துணி மடிச்சு வச்ச மாதிரி இருந்தது. அப்புறம் சூடு தெரிஞ்சது. காது என் தோல்ல ஒட்டிக்கிச்சு. இன்னும் குருத்தெலும்பு வரலையாம், மடிச்சா மடிஞ்ச இடத்துலயே நிக்குது, காகிதம் மாதிரி. நான்தான் விரல் நுனியால நிமிர்த்தி விட்டேன். ஒன்றரை மணி நேரம். ஒரு தரம் கூட அலாரம் அடிக்கல. எனக்குக் கால் மரத்துப்போச்சு, மூக்கு அரிச்சுது, அசையவே இல்ல நான்.

வேண்டிக்கல. வேண்டிக்கணும்னு தோணவும் இல்ல. பத்தொன்பது அக்கா சொன்னாங்களே, சும்மா உட்கார்ந்திருப்பேன்னு, அது கொஞ்சம் புரிஞ்சுது.

அப்புறம் அந்த அடுத்த இன்குபேட்டர் அம்மா. கை கழுவுற இடத்துல நானே போய், "அன்னிக்கு நாங்க சிரிச்சது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், மன்னிச்சுக்குங்க"ன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரியா பார்த்துட்டு, "எதுக்குச் சிரிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் பார்த்தேன், கேக்க வெக்கமா இருந்தது"ன்னாங்க. சப்புக்கொட்டினதைச் சொன்னேன். அவங்க பொண்ணுக்கு மறுநாள் பால் ஆரம்பிச்சப்ப வாயையே பார்த்துட்டு நின்னாங்களாம். அவ கொட்டாவி விட்டாளாம்.

இருவர்_அப்பா | நாள் 17, காலை 5.20

ஹா ஹா, கொட்டாவி! நம்ம சின்னவளும் அந்த ரகம்தான்.

முப்பதுக்கு_முன் | நாள் 19, இரவு 3.10

இன்னிக்கு மூணு தரம் மூச்சை நிறுத்திட்டான். தட்டி எழுப்பினாங்க. தொற்று இருக்கலாம்னு கல்ச்சர் எடுத்திருக்காங்க, ஆன்டிபயாடிக் போகுது. பால் மறுபடி நிறுத்தம். நெஞ்சுல வைக்கவும் இன்னிக்கு இல்ல.

எதுவும் சொல்ல வேண்டாம். எழுதி வச்சுக்கறேன், அவ்வளவுதான்.

பத்தொன்பது_நாள் | இரவு 3.14

இருக்கேன்.

இருவர்_அப்பா | இரவு 3.31

நானும்.

அமைதிப்_புறா | இரவு 3.50

நானும் விழித்திருக்கிறேன் சகோதரி. வேறு ஒன்றும் எழுத மாட்டேன்.

கேள்விக்குறி | காலை 4.02

ஆஜர்.

முப்பதுக்கு_முன் | நாள் 22, மதியம் 1.15

காய்ச்சி ஊத்தின மாதிரி மூணு நாள். கல்ச்சர்ல கிருமி வளர்ந்தது, அதுக்கேத்த மருந்து மாத்தினாங்க, கேக்குது. நேத்து ராத்திரியில இருந்து மூச்சு நிக்கல. 1 மி.லி.ல இருந்து மறுபடி ஆரம்பம். சிஸ்டர் குழலைப் பிடிக்கும்போது அடுத்த இன்குபேட்டர் அம்மாவும் வந்து நின்னுட்டாங்க, சப்புக்கொட்டுறானான்னு பார்க்க. கொட்டல. தூங்கிட்டான் தடியன்.

வாசல்_தாத்தா | மதியம் 2.40

தூங்கட்டும். தூக்கத்தில்தான் பிள்ளைகள் வளரும்.

முப்பதுக்கு_முன் | நாள் 31, இரவு 1.35

இன்னிக்குச் சாயந்திரம் சீபேப்பை எடுத்துட்டாங்க. மூக்குல மெல்லிசா ஒரு குழாய் மட்டும். அந்தத் தொப்பி, பட்டை, ரெண்டு கன்னத்துலயும் ஒட்டியிருந்த பிளாஸ்டர் எல்லாம் போய், முகத்தை இன்னிக்குத்தான் முழுசாப் பார்க்கிறேன். முப்பத்தொரு நாள் கழிச்சு. எல்லாரும் இவர் மூக்குன்னு சொல்லிட்டு இருந்தோம். இல்ல. எங்க அப்பா மூக்கு. நுனியில அந்தச் சின்னக் குழி கூட அப்படியே. அப்பா இப்ப இல்ல. நான் அங்கேயே நின்னு "வாங்கப்பா"ன்னுட்டேன், சத்தமா. இவர் சிரிச்சார், சிஸ்டர் சிரிச்சாங்க, நானும்.

ராத்திரி படுக்கும்போது கை தானா கூப்பிக்கிச்சு. பழைய வார்த்தை ஒண்ணும் ஞாபகம் வரல. மூக்கைப் பத்திச் சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

எடை 1,490. சிஸ்டர், ஒரு சந்தேகம்: மூக்குத் தண்டுல பட்டை அழுத்தின இடம் சிவந்து கோடா இருக்கு. போயிடுமா?

பழைய_சிஸ்டர் | இரவு 1.52

பெரும்பாலும் மெல்ல மங்கிடும். தோல் உரிஞ்சிருக்கான்னு காலையில ரவுண்ட்ஸ்ல காட்டிக் கேளுங்க, நீங்களா எதையும் தடவாதீங்க. மணி ரெண்டாகுது, பீய்ச்சிட்டுப் படுங்க.